கிளாஸ்கோவில் காக்கை உண்டா?

அண்ணாமலை நகர்
29-9-1963

அன்புள்ள சடையப்பனுக்கு,

அந்த ஊரில் காக்கை உண்டா?

கேட்பது நானல்ல, உன் அம்மா. மகாளய அமாவாசைக்குக் கடலூர் போயிருந்தேன். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பிய அண்ணி, "புள்ள அங்க யாருக்கு வெப்பான்? அந்த ஊர்ல காக்கா உண்டா லோகா?" என்றாள். பல வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்துகிறேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் "அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று தப்பித்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. அண்ணியிடம் அது செல்லாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். "இவ்ளோ படிச்சு என்னா பிரயோசனம்" என்று வடை தட்டப் போய்விட்டாள்.

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. எனக்கு வழக்கமான முழங்கால் வலி தவிரக் குறையில்லை.

உன் அப்பாவைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முதுநகர் வாசகசாலையில் அவர் செயலாளர் அல்லவா? அங்கே ஓர் உலகப் படத்தை மாட்டி, கிளாஸ்கோ இருக்குமிடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார். வட்டம் பெரிதாகிவிட்டது, அயர்லாந்தும் உள்ளே வந்துவிட்டது. உன் கடிதம் வந்தால் ஞாயிறு மாலை அங்கே வாசிக்கப்படும் என்று பலகையில் எழுதியாயிற்று: "அயல்நாட்டுக் காட்சிகள். நேரில் கண்டவர் எழுதுவது." ஆகவே எதையாவது நேரில் கண்டு எழுது.

கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திராதே. பெட்டியின் பூட்டை இடப்பக்கமாக அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும்.

உன் அத்தை,
லோகநாயகி

*

கிளாஸ்கோ
13-10-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா நலமா? இங்கே குளிர். மழை பெய்கிறது. கல்லூரி பெரியது. சாப்பாடு கிடைக்கிறது. மழை நின்றதும் விவரமாக எழுதுகிறேன்.

தங்கள் அன்பு மகன்,
சடையப்பன்

*

கடலூர் முதுநகர்
26-10-1963

சிரஞ்சீவி சடையப்பனுக்கு அப்பா பொன்னுரங்கம் ஆசீர்வாதம்.

இங்கு உன் அம்மா இருசம்மாளும் நானும் சௌக்கியம். உன் கடிதம் வந்தது, வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ள ஆன நேரம்கூட வாசிப்பதற்கு ஆகவில்லை. துறைமுகத் தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். டீக்கடை சாமிக்கண்ணு எழுந்து, "ஏன் மச்சான், இதுக்கா ஜமக்காளம் விரிச்சீங்க? குளுருது, மழ பெய்யுது, சோறு கெடைக்குது. ஐப்பசில நம்ம தபாலாபீஸ் வாசல்ல நின்னா நானே இத எழுதுவேனே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சித்திரையில் வரும் செயலாளர் தேர்தலில் அவனும் நிற்கப்போகிறான் என்பது உனக்குத் தெரியும். அவனுக்கு இது அவலாகப் போயிற்று.

மலை, அருவி, நதி, ஜனங்களின் பழக்கவழக்கம் இவற்றையெல்லாம் எழுது. இரண்டு தாளுக்குக் குறையக் கூடாது. மழை நிற்கட்டும் என்று காத்திருக்காதே. வரைபடத்தைப் பார்த்தால் அது நிற்கும் என்று தோன்றவில்லை.

அம்மா காக்கையைப் பற்றிக் கேட்கிறாள். அது அவசரமில்லை.

அப்பா

*

கிளாஸ்கோ
8-11-1963

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன்.

அத்தை, ஓர் உதவி. நான் இந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை. அறையிலிருந்து கல்லூரிக்குப் போகும்போது மூடுபனி, திரும்பும்போது இருட்டு. நடுவில் கப்பல் எந்திரப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறேன். வெளியே போனால் யாராவது பேசுவார்கள், அதுதான் பயம். அண்ணாமலையில் இத்தனை வருஷம் இங்கிலீஷில் படித்தேன். இவர்கள் பேசுவது அதில் சேர்த்தியில்லை. வீட்டுக்கார அம்மாள் காலையில் ஏதோ கேட்கிறாள். நான் "யெஸ்" என்கிறேன். உடனே உப்புப் போட்ட கஞ்சி வருகிறது. கடலூரிலிருந்து கப்பலேறி வந்து கஞ்சி குடிக்கிறேன். "நோ" என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கும் கஞ்சிதான் வந்தது. அவள் முகம் மட்டும் வாடிவிட்டது.

அப்பாவோ மலை, அருவி கேட்கிறார். உங்களிடம்தான் புத்தகங்கள் இருக்குமே. இந்த ஊர் எப்படி இருக்கும் என்று இரண்டு தாள் எழுதி அனுப்பினால், அதைப் பார்த்து என் கையெழுத்தில் எழுதி அனுப்பிவிடுகிறேன். இந்த ஒரு தடவை மட்டும்.

சடையப்பன்

*

அண்ணாமலை நகர்
20-11-1963

அன்புள்ள சடையப்பனுக்கு,

முடியாது.

அந்த ஊரில் இருப்பவன் நீ. இங்கே உட்கார்ந்திருப்பவள் நான். காப்பியடித்த மாணவர்களை அறையைவிட்டு வெளியே அனுப்பிய கை இது. நான் எழுதி, அது ஆறாயிரம் மைல் போய், நீ பார்த்தெழுதி, மறுபடி ஆறாயிரம் மைல் வந்து, முப்பது மைலில் இருக்கும் உன் அப்பாவுக்குக் கிடைப்பது கணக்காகவே தப்பு.

போன ஞாயிறு கடலூர் போயிருந்தேன். வாசகசாலை வாசலில் அப்பா தனியாக ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சாமிக்கண்ணு கடையிலிருந்து யாரோ, "குளுருது, மழ பெய்யுது!" என்று கூவினார்கள். அப்பா காதில் விழாத மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

என்னிடம் ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. கீழே இருப்பதை இந்த ஒரு தடவை மட்டும் பயன்படுத்திக்கொள்:

"நகரின் நடுவே கிளைட் என்னும் நதி பளிங்குபோல ஓடுகிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் அடியில் கூழாங்கற்கள் தெரியும். சால்மன் மீன்கள் வெயிலில் துள்ளுகின்றன. வீதியில் இரட்டைக் குதிரை பூட்டிய டிராம் வண்டிகள் இரும்புப் பாதையில் மணியோசையுடன் போகின்றன. கனவான்கள் உயரமான குல்லாயைக் கழற்றி ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்கிறார்கள். வடக்கே குன்றுகள் ஊதா நிறப் போர்வை போர்த்திக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும் போல் உட்கார்ந்திருக்கின்றன..."

மீதி பின்பக்கத்தில். நான் உவமைகளை விரும்புகிறவள் அல்ல. கடைசி உவமை எப்படி வந்தது என்று தெரியவில்லை. வேண்டாமென்றால் அடித்துவிடு.

கஞ்சி உடம்புக்கு நல்லது.

அத்தை

*

கிளாஸ்கோ
22-12-1963

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நாடுவதும் அதுவே. நீங்கள் எழுதியதை அரைத் தூக்கத்தில் பார்த்தெழுதி அன்றே தபாலில் போட்டுவிட்டேன். மறுநாள் கல்லூரிக்குப் போகும்போதுதான் உறைத்தது. அத்தை, இங்கே குதிரை டிராம் இல்லை. கரண்ட் டிராமையே போன வருஷம் நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான். உங்கள் நதியையும் நின்று பார்த்தேன். நம் உப்பனாறு தேவலை. தார் நிறத்தில் இருக்கிறது. அதில் மீன் துள்ளினால் வழுக்கி விழும். உயரக் குல்லாயைச் சவ ஊர்வலத்தில் ஒருவர் தலையில் பார்த்தேன்.

உங்கள் புத்தகம் எந்த வருஷத்தது?

இன்னொன்று. என் அறைச் சுவர் வியர்க்கிறது. அந்த ஈரத்தில் பெட்டி மேல் அப்பா என் பெயர் எழுதிய கறுப்புப் பெயின்ட் உரிந்து வருகிறது. அடியில் பழைய வெள்ளை எழுத்து. "மிஸ் லோகநாயகி, கிளாஸ்கோ" என்று இருக்கிறது. உங்கள் பெயர் மட்டுமல்ல அத்தை, கிளாஸ்கோ என்றும் இருக்கிறது.

சடையப்பன்

*

அண்ணாமலை நகர்
16-1-1964

அன்புள்ள சடையப்பனுக்கு,

பொங்கலுக்குக் கடலூரில் இருந்தேன். அண்ணியின் சர்க்கரைப் பொங்கல் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது, வேறு நோயில்லை.

உன் கடித வாசிப்பு அமோகம். ஜமக்காளம் போதாமல் கயிற்றுக் கடை நூர்முகம்மது இரண்டு சாக்குப் படுதா கொடுத்தனுப்பினார். குதிரை டிராம் வந்ததும் "இன்னொரு தடவ படிங்க மாமா" என்று குரல். அப்பா படித்தார். குன்றுகள் எழுந்து வரும் இடத்தில் ஒருவர் வடக்கே திரும்பிப் பார்த்தார். நான் பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்கண்ணு மட்டும், "குதிர சாணிய யாரு அள்ளுவாங்கன்னு எழுதலியே!" என்றான். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

புத்தகத்தின் வருஷம் தெரியாது; அந்தப் பக்கத்தைத்தான் கரையான் தின்றது. மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்கியது. உள்ளே மகாராணி படம் இருக்கிறது. இப்போது கண்ணாடி போட்டுப் பார்த்தேன், அது விக்டோரியா. எதையும் ஆதாரமில்லாமல் நம்பாதே என்று வகுப்புதோறும் சொல்கிறவளுக்கு இது வேண்டியதுதான்.

திருத்தி எழுதிவிடலாம் என்றால், அப்பா அடுத்த வாசிப்புக்கு "அருவி" என்று பலகையில் எழுதிவிட்டார். அருவிக்கு வருஷம் கிடையாது, அது மாறாது என்ற நம்பிக்கையில் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். ஊரிலிருந்து தெற்கே பாதி நாள் பயணத்தில் இருக்கிறதாம். அதன் ஓசை ஒரு மைலுக்கு முன்பே கேட்குமாம்.

பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வை.

அத்தை

*

கடலூர் முதுநகர்
1-3-1964

சிரஞ்சீவி சடையப்பனுக்கு அப்பா ஆசீர்வாதம்.

அம்மா நலம். எனக்கும் ஒரு குறையுமில்லை, தெருவில் நடந்தால், "அருவி சத்தம் கேக்குதா மாமா?" என்று கேட்காத ஆளில்லை. உன் இரண்டு கடிதங்களும் வாசகசாலையில் இப்போது கேட்டுக் கேட்டு வாசிக்கப்படுகின்றன.

பெட்டியில் அத்தை பெயர் ஏன் இருக்கிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். நல்லவேளை, அவளிடம் கேட்கவில்லை. அது அவளுக்கு வாங்கிய பெட்டி. 1939இல் அந்த ஊரில் மேல்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஐப்பசியில் கப்பல். நான்தான் அந்தப் பெயரையும் எழுதினேன். ஆவணியில் சண்டை வந்துவிட்டது. சண்டை முடிவதற்குள் அந்த இடமும் போயிற்று, எங்கள் அப்பாவும் போய்விட்டார். பெட்டி வந்த நாளிலிருந்து சண்டை வந்த நாள்வரை தினமும் சாயங்காலம் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த ஊரைப் பற்றி எனக்குப் படித்துச் சொல்வாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசினதில்லை. நீயும் பேசாதே.

இப்போது முக்கியமான சேதி. சாமிக்கண்ணு போன ஞாயிறு எல்லார் முன்னிலும் எழுந்து, "இதெல்லாம் நெசம்னு யாரு கண்டா? பையன் பொஸ்தகத்த பாத்து அடிச்சு உடுறான்" என்று சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பையன் எழுதினதுல ஒரு வரி பொய்யுன்னா இந்த மீசைய எடுத்துட்டு, செயலாளர் வேலையையும் உங்கிட்ட குடுத்துடுறேன்டா!" என்றேன். உடனே அவன், "கப்பக்கார அப்துல் ஹக் பாய் பெருநாளைக்கு ஊருக்கு வராரு. ரெண்டு வருஷம் கிளாஸ்கோவுல இருந்தவரு. அவர உக்கார வெச்சு எல்லாத்தையும் படிப்போம்" என்று சொல்லிவிட்டான். சித்திரை பிறந்த முதல் ஞாயிறு, தேர்தலன்று. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்து இருக்கும் மீசை. உன் அம்மா அது இல்லாமல் என்னைப் பார்த்ததில்லை. உன் மேல் நம்பிக்கை இருக்கிறது. அதற்குள் இன்னொரு கடிதம் வந்தால் நல்லது.

அப்பா

*

கிளாஸ்கோ
30-3-1964

அன்புள்ள அத்தைக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

மீசை விஷயம் உங்களுக்கும் வந்திருக்கும். படித்ததும் எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. நீங்கள் எழுதியதில் ஏதாவது ஒன்றாவது நிஜமாக இருக்கிறதா பார்த்துவிடுவோம் என்று ஈஸ்டர் விடுமுறையில் பஸ் ஏறி அருவிக்குப் போனேன். முதல் தடவையாக ஊரைவிட்டு வெளியே போனேன் அத்தை. என்ன பார்த்தேன் என்பதை அப்பாவுக்கு அப்படியே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இது அதன் நகல்:

"அப்பா, அருவிக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை அதில் தண்ணீர் அதிகமில்லை. மின்சாரம் எடுப்பதற்காகக் குழாயில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். நம் நெய்வேலியில் கரி எடுக்கிற மாதிரி இவர்களுக்கு இது. பாறை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். குன்றுகள் எருமை முதுகு நிறத்தில் இருக்கின்றன. சாந்து வைக்காமல் கல்லை அடுக்கிச் சுவர் கட்டி, குன்றின் மேலேயே கொண்டுபோயிருக்கிறார்கள். ஆட்டின் முதுகில் நீலச் சாயம் பூசி, இது என் ஆடு, அது உன் ஆடு என்று பிரிக்கிறார்கள். பெய்கிற மழையிலேயே துணி காயப்போடுகிறார்கள். என்றைக்காவது காயும் என்ற நம்பிக்கைதான். ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. நிறைய நேரம் பேசினோம். சாயங்காலம் ஏழு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள்: காக்கை உண்டு. நம் ஊர்க் காக்கை மாதிரி கழுத்தில் சாம்பல் கிடையாது, முழுக்கறுப்பு. கர்ணம் நிலம் அளக்க வந்த மாதிரி நடந்து வந்தது. ரொட்டியில் ஒரு துண்டு வைத்தேன். எடுத்துக்கொண்டு, கா என்றுதான் சொன்னது."

அத்தை, இதை எழுத எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நீங்கள் எழுதிய அருவி இல்லாவிட்டால் அறையைவிட்டு நான் கிளம்பியே இருக்க மாட்டேன். ஆனால் மீசைக்கு என்ன செய்வது?

சடையப்பன்

*

கடலூர் முதுநகர்
18-4-1964, சனி

அன்புள்ள சடையப்பனுக்கு,

தேர்தலுக்காக இன்று மதியமே வந்துவிட்டேன். அப்பா மீசைக்குத் தேங்காயெண்ணெய் தடவிச் சீவிக்கொண்டிருக்கிறார். அண்ணி கோபமாக இருக்கிறாள். "பந்தயம் கட்டறதுக்கு வேற எதுவும் கெடைக்கலியா? நாளைக்கி எந்த மூஞ்சிய பாத்து நான் சோறு போடுறது?" என்கிறாள். உன் கடைசிக் கடிதம் வந்துவிட்டது. அப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சுருக்கமா எழுதிட்டான்" என்று மட்டும் சொன்னார்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நன்றாக இருக்கிறது. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளை அப்துல் ஹக் பாய் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து, நதிக் கடிதமும் அருவிக் கடிதமும் நான் எழுதியவை என்று சொல்லிவிடுவேன். பந்தயம் "எம் பையன் எழுதினது" என்றுதானே? எழுதியது நான் என்றால் மீசை தப்பும். அப்பாவுக்குத் தலைகுனிவுதான், ஆனால் தலைகுனிந்தாலும் மீசையோடு குனியலாம். பல்கலைக்கழகம்வரை பேச்சு வரும். வரட்டும்.

இதை முடித்து ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

மறுநாள் நடந்தது:

கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. அப்துல் ஹக் பாய்க்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒல்லியான மனிதர், முப்பது வருஷம் கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். நான் எழுந்தேன். "பொம்பளைங்க கேள்வியெல்லாம் கடைசில" என்று சாமிக்கண்ணு உட்காரச் சொல்லிவிட்டான். அப்பா நதிக் கடிதத்தைத் தொடங்கிவிட்டார். நதி வந்தது, சால்மன் வந்தது, குதிரை டிராம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கரெக்ட்!" என்று ஒரு குரல்.

கண்ணைத் திறந்தால் அப்துல் ஹக் பாய் எழுந்து நிற்கிறார். "அப்பிடியே எழுதிருக்கான் மச்சான் புள்ள! அந்தக் குதிர டிராம்ல நான் எத்தினி தடவ போயிருக்கேன்! வெள்ளக் குதிர ஒண்ணு, செவலக் குதிர ஒண்ணு. ஆத்துல மீனு... ஐயோ, ஜாஸ்தி. கப்பல்லேருந்தே கைய உட்டு எடுப்போம்!"

கைதட்டலில் தூசி பறந்தது. அருவிக்கு அவர், அதில் குளித்ததாகவே சொன்னார். சாமிக்கண்ணு முகம் கறுத்துப்போயிற்று. நான் உட்கார்ந்தே இருந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பொய் தானாகவே நிரூபணமாவதைப் பார்த்தேன்.

பிறகு அப்பா உன் கடைசிக் கடிதத்தைப் படித்தார்.

தண்ணீர் இல்லாத அருவி வந்ததும் முணுமுணுப்பு. எருமை முதுகுக் குன்றில் ஒருவர் எழுந்தே போய்விட்டார். நீலச் சாய ஆட்டுக்கு அப்துல் ஹக் பாய் தலையை ஆட்டி மறுத்தார். காக்கை வந்ததும் அவரால் தாங்க முடியவில்லை. "இன்னாப்பா இது! வெள்ளக்காரன் ஊர்ல காக்காவா? அந்தக் குளுருல காக்கா உசிரோட இருக்குமா? இது அந்த ஊரே கெடையாது!"

சாமிக்கண்ணு குதித்தெழுந்தான். "ஒரு வரி பொய்யுன்னா? இங்க ஒரு கடுதாசியே பொய்யி! கூப்புடு அம்பட்டன!"

அப்பா கையில் கடிதத்தோடு நின்றார். மறு கை தானாக மீசைக்குப் போயிற்று. நீ எழுதிய ஒரே நிஜமான கடிதத்துக்காக அது போகப்போகிறது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

நான் எழுந்து, "அது சடையப்பன் எழுதினது இல்ல. நான் சொல்லிக் குடுத்து எழுத வெச்சது" என்றேன்.

அப்புறம் சாமிக்கண்ணுவே சொன்னான்: "அப்பிடி சொல்லுங்க! எனக்கு மொதல்லியே சந்தேகம். கணக்கு டீச்சரு எழுத்துன்னு பாத்தாலே தெரியல? சட்டினி இல்லாத இட்லியாட்டம்!" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சந்தேகப்பட்டது சரி என்று நிரூபணமான திருப்தி. பையன் எழுதியது எல்லாம் நிஜம், அத்தை எழுதியது மட்டும் பொய் என்று சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பாவே மறுபடியும் செயலாளர். கடைசியாக ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: இனி அயல்நாட்டுக் கடிதங்களில் கல்லூரி ஆசிரியைகள் தலையிடக் கூடாது. அதை முன்மொழிந்தது நூர்முகம்மது. எழுதி வைத்துக்கொண்டது உன் அப்பா.

வெளியே வரும்போது அப்துல் ஹக் பாய் ஓரமாக வந்து, மெதுவாக, "அம்மா, அந்த அருவி ஊருக்கு எந்தப் பக்கம்? கப்பல உட்டு எறங்க உட்டாத்தானே. நாளைக்கி யாராவது கேட்டா சொல்லணும்ல" என்றார். "தெற்கே, பாதி நாள் பயணம்" என்றேன். சலாம் சொல்லிப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா பாலம்வரை முன்னால் நடந்தார். பாலத்தின் மேல் நின்று உப்பனாற்றைப் பார்த்தார். "கூப்பிட்டா எழுந்து வந்துடுமாட்டம் உக்காந்திருக்குதுன்னு ஒரு குன்று வருதே, அத நீ அப்பவே எனக்கு படிச்சு காட்டினே லோகா. அதே வார்த்தை" என்றார்.

அது புத்தகத்தில் இல்லாத வார்த்தை. அதைத்தான் எப்படி வந்தது என்று தெரியவில்லை என உனக்கு எழுதியிருந்தேன்.

"தெரிஞ்சுகிட்டேவா மீசைய பந்தயமா வெச்சீங்க?" என்றேன்.

"மீசதானே," என்றார். "மொளைக்கும்."

வீட்டில் அண்ணி அடுக்களையில் இருந்தாள். கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள். கணவர் மீசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு எனக்குக் காப்பி கொடுத்தாள். பிறகு அவர் காதில் விழாதபடி, "லோகா, நீ எழுதினது பொய்யாவே இருக்கட்டும். அந்த முழுக்கறுப்புக் காக்கா மட்டும் நெசந்தானே?" என்றாள்.

"நெசந்தான் அண்ணி."

"ரொட்டி எடுத்துதா?"

"எடுத்துதாம்."

"அப்ப சரி," என்று உலையில் அரிசியைப் போட்டாள்.